வாடகை வருகிறது, வருமானம் வருகிறதா?

வாசகி எழுதிய நீண்ட கடிதத்திலிருந்து ஒரு பகுதி:

"ஐயா, எனக்கு வயது 63. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடுக்குப் பின்னால், மாமனார் காலத்து வீடு ஒன்று இருக்கிறது. 1,100 சதுர அடி மனை, கீழும் மேலுமாக நான்கு போர்ஷன். இரண்டு போர்ஷனுக்குத் தலா 6,500 ரூபாய் வாடகை. ஒன்றில் 14 வருடமாக ஒரே குடும்பம், 4,000 ரூபாய் தருகிறார்கள். நான்காவதை 5 லட்சத்துக்கு லீஸுக்கு விட்டிருக்கிறோம். அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டது. கணவர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 2013 ஜூனில் காலடிப்பேட்டையில் என் பெயரில் ஒரு ஃபிளாட் வாங்கினார். 800 சதுர அடி, மூன்றாவது மாடி, பத்திரச் செலவோடு 36 லட்சம் ஆனது. இப்போது 13,000 ரூபாய் வாடகை. மெயின்டனன்ஸ் 1,500 ரூபாயை நாங்களே கட்டுகிறோம். போன வருடம் கணவர் தவறிவிட்டார். புரோக்கர் ஃபிளாட்டுக்கு 52 லட்சமும் பழைய வீட்டுக்கு 1 கோடியே 10 லட்சமும் கிடைக்கும் என்கிறார். மாப்பிள்ளை ஃபிளாட்டை விற்று மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறார். மகன் பழைய வீட்டை பில்டரிடம் கொடுக்கச் சொல்கிறான். 'பழைய வீடுதான் நமக்குச் சோறு போடுகிறது' என்று கணவர் சொல்வார். வங்கியில் 9 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. எது லாபம், எது நஷ்டம் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவர் எழுதி வந்த வாடகை நோட்டில் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்."

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கணவரின் நோட்டுப் பக்கங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் மாதவாரியாக வாடகை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, பணம் கைக்கு வந்ததும் ஒரு டிக். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. வலது பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் 'மோட்டார் காயில் 3,200' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிற வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் நோட்டுகளில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும். வரவு துல்லியமாக இருக்கும், செலவு மனக்கணக்கில் இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வலது பக்கத்தில் இருக்கிறது. கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் குறித்து அனுப்பிய செலவுகளை வைத்து அதை நான் நிரப்பிப் பார்த்தேன்.

முதலில் ஃபிளாட். 13,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,56,000 என்று மனசு சொல்லும். ஆனால் ஆள் மாறும்போது ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சராசரியாக 11 மாத வாடகைதான் கைக்கு வருகிறது, அதாவது 1,43,000. மெயின்டனன்ஸ் வருடத்துக்கு 18,000. சொத்து வரியும் குடிநீர் வரியும் சேர்ந்து 6,000. பெயின்ட், பிளம்பர், ஒழுகல் என்று நீங்கள் கொடுத்த மூன்று வருடச் செலவைப் பிரித்தால் வருடத்துக்கு 12,000. இவை போக மிஞ்சுவது 1,07,000 ரூபாய். மாதத்துக்கு 9,000 ரூபாயைவிடக் குறைவு.

இந்த 1,07,000-ஐ எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். வாங்கிய விலையான 36 லட்சத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3 சதவீதம். இன்றைய விலையான 52 லட்சத்தோடு ஒப்பிட்டால் 2 சதவீதம்தான். இரண்டு கணக்கும் வேண்டும், ஆனால் இரண்டின் வேலையும் வேறு. அன்று எடுத்த முடிவு எப்படி இருந்தது என்பதை வாங்கிய விலை சொல்லும். இனி வைத்திருப்பதா விற்பதா என்பதை இன்றைய விலைதான் சொல்ல முடியும். ஏனென்றால் இன்று அந்த ஃபிளாட் உருவத்தில் உங்களிடம் இருப்பது 52 லட்சம். அந்த 52 லட்சம் வருடத்துக்கு என்ன சம்பாதித்துக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

விலை ஏறியதே என்பீர்கள். ஏறியது. 36 லட்சம் 12 ஆண்டில் 52 லட்சம் ஆனால், கூட்டுவட்டியாகப் பார்க்கும்போது வருடத்துக்கு 3 சதவீதத்துக்குச் சற்றுமேல். இத்தனை வருடம் வந்த வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 5 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. 'மெட்ரோ வந்தால் விலை எங்கேயோ போய்விடும்' என்று சொல்லித்தான் விற்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தடத்துக்கு அடிக்கல் நாட்டியதே 2016-ல். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். வரப்போகிற ரயிலுக்கான விலையை நீங்கள் 2013-லேயே கொடுத்துவிட்டு, எட்டு வருடம் காத்திருந்திருக்கிறீர்கள். இன்று காலடிப்பேட்டை நிலையம் பக்கத்தில் இருப்பது வாடகைக்கு ஆள் கிடைக்க உதவும். இனிமேலும் அதே காரணத்துக்காக விலை தாவும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றும் கவலை தருகிறது. சன்ஷேடில் கம்பி தெரிகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கேதான் நிற்க வேண்டும். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். அடுத்த முறை போகும்போது வீட்டுச் சாவியால் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பால்கனி சீலிங்கையும் அங்கங்கே தட்டிப் பாருங்கள். திடமான இடத்தில் கட்டியான சத்தம் வரும். உள்ளே விட்டுப்போன இடத்தில் பொள்ளலான சத்தம் வரும். அப்படி நாலைந்து இடம் இருந்தால் பெயின்ட் அடித்து மறைக்கிற வேலை அல்ல, துருவை நீக்கிக் கம்பிக்குப் பூச்சு கொடுத்துக் கட்டுகிற வேலை. அதற்கு ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தில் சேமிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் நின்று மோட்டார் முழுகியபோது வீட்டுக்கு 6,000 ரூபாய் வசூலித்தார்கள் என்கிறீர்களே, அதைப் பார்த்தால் சேமிப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

ஃபிளாட்டில் காலத்துக்கும் நிற்கும் மதிப்பு உங்கள் பெயரில் பதிவான யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. பத்திரத்தை எடுத்து அது எத்தனை சதுர அடி என்று பாருங்கள். மனை தேயாது, கட்டடம் தேயும்.

சரி, இப்போது பழைய வீட்டுக்கு வருவோம். சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

மாதம் 17,000 வீதம் வருடத்துக்கு 2,04,000 வாடகை. போர்டு மாட்டிய இரண்டு நாளில் ஆள் வந்துவிடுகிறது, காலி மாதமே இல்லை என்கிறீர்கள். நல்லது. வரி 7,000, லாரித் தண்ணீரும் மோட்டாரும் 15,000, ஓதம் அடித்த சுவரைப் பூசுவது, கழிவுநீர் அடைப்பு எடுப்பது என்று ரிப்பேர் 30,000. மொத்தச் செலவு 52,000 போக மிச்சம் 1,52,000. இதை 1 கோடியே 10 லட்சத்தோடு ஒப்பிட்டால் 1.4 சதவீதம்கூட இல்லை. மாமனார் வைத்துவிட்டுப் போன வீடு, வந்தவரை லாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 1 கோடியே 10 லட்சம் இன்று நிஜமாகவே உங்கள் குடும்பத்தின் பணம். சோறு போடுகிற வீடு என்று உங்கள் கணவர் சொன்ன வீடுதான் கணக்கில் ஃபிளாட்டைவிடப் பின்தங்கி நிற்கிறது.

குறை வீட்டில் இல்லை, அதை நடத்துகிற விதத்தில் இருக்கிறது. லீஸைப் பாருங்கள். 5 லட்சம் வாங்கினீர்கள், வட்டி இல்லை, வாடகையும் இல்லை, கணக்கு நேராகிவிட்டது என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம். அந்தப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் 6,500, வருடத்துக்கு 78,000 வந்திருக்கும். அந்த 78,000-ஐ நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். அப்படியானால் 5 லட்சம் கடனுக்கு வருடத்துக்கு 78,000 வட்டி கட்டுகிறீர்கள் என்று பொருள். 15.6 சதவீத வட்டி! நகைக்கடன்கூட இதைவிட மலிவு. அதே சமயத்தில் வங்கியில் 9 லட்சம் எஃப்.டி. தூங்குகிறது. அதில் 5 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி என்றே வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 35,000 கிடைக்கும். 35,000 வாங்கிக்கொண்டு 78,000 கொடுக்கிறீர்கள். லீஸ் காலம் முடிகிற வரும் மார்ச்சில் அந்த 5 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போர்ஷனை வாடகைக்கு மாற்றுங்கள். உங்கள் இரண்டு சொத்துக்களையும் அலசிப் பார்த்ததில், ஒரே நாளில் அதிகப் பலன் தரக்கூடிய காரியம் இதுதான்.

கல்யாண நேரத்தில் அந்தப் பணம் உதவியது, அதில் தவறே இல்லை. ஆனால் லீஸை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் கணக்குப் பார்த்த ஒரு பெரியவர், மூன்று போர்ஷனையும் லீஸுக்கு விட்டிருந்தார். ஒருவர் காலி செய்யும்போது அடுத்தவரிடம் வாங்கி இவருக்குக் கொடுப்பார். ஒரு வருடம் இரண்டு குடும்பம் ஒரே மாதத்தில் கிளம்பின. புது ஆள் கிடைக்கவில்லை. பணம் கிடைக்கும்வரை சாவி தரமாட்டோம் என்று அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்தப் பெரியவர் வீட்டையே அவசர விலைக்குக் கொடுத்தார். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அடுத்தது 14 வருடமாக 4,000 தரும் குடும்பம். 'என் கணவர் அவரைத் தம்பி மாதிரி பார்த்தார், உடம்புக்கு முடியாதபோது ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரைக் காலி செய்யச் சொல்லி நான் எழுதமாட்டேன். ஆனால் பக்கத்து போர்ஷன் 6,500-க்குப் போகும்போது, மாதம் 2,500 ரூபாய் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நேரில் உட்காரவைத்துப் பேசுங்கள். மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுத்து முதலில் 5,000, ஒரு வருடம் கழித்து 6,000 என்று இரண்டு படியாக ஏற்றுங்கள். மிச்சம் 500 ரூபாய் அவர் செய்த உதவிக்கு நீங்கள் மனமறிந்து தருவது. அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த இரண்டும் நடந்துவிட்டால் மாத வாடகை 25,500, வருடத்துக்கு 3,06,000. அதே 52,000 செலவு போனால் 2,54,000 மிஞ்சும். 1.4 சதவீதம் 2.3 ஆகிவிடும். ஒரு செங்கலைக்கூட மாற்றாமல் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல்.

வாடகை ஒப்பந்தங்களையும் புதுப்பியுங்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது போதாது. பிறகு தகராறு வந்தால் பதிவு இல்லாத ஒப்பந்தம் கைகொடுக்காது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் வாங்குவதென்றால் அதையும் ஒப்பந்தத்திலேயே இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபிளாட்டுக்குப் புது ஆள் வரும்போது மெயின்டனன்ஸை அவர் கட்டுவதாகவே எழுதுங்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் கட்டுகிறார்.

இப்போது விற்பது பற்றி. மாப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. இரண்டில் ஒன்றை விற்க வேண்டும் என்றால் அது ஃபிளாட்தான் என்பது என் முடிவு. வாடகையை 14,500 ஆக்கி, மெயின்டனன்ஸையும் குடியிருப்பவர் தலையில் வைத்து, காலி நாட்களைக் குறைத்தாலும் 2.9 சதவீதத்தைத் தாண்டாது. துருவேறும் கட்டடம், சேமிப்பில்லாத சங்கம், ஒவ்வொரு முடிவுக்கும் மற்ற வீட்டுக்காரர்களைக் கெஞ்ச வேண்டிய நிலை. நாளை கட்டடம் பழசாகி இடித்துக் கட்ட வேண்டும் என்றால், 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வழி வந்திருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

வரி என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். '12.5 சதவீதம் கட்டியே ஆக வேண்டும்' என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 52 லட்சத்திலிருந்து 36 லட்சத்தைக் கழித்தால் 16 லட்சம் லாபம், அதற்கு 2 லட்சம் வரி என்பது அவர் கணக்கு. ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு அல்லது மனையை இங்கே வசிக்கும் தனிநபர் விற்றால், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி, அதற்குமேல் வரும் லாபத்துக்கு மட்டும் 20 சதவீதம் என்ற பழைய முறையையும் தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் வாங்கிய 2013-14-க்குக் குறியீடு 220, 2025-26-க்கு 376. 36 லட்சத்தை 376-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் சுமார் 61½ லட்சம் வருகிறது. நீங்கள் விற்கப்போவது 52 லட்சத்துக்கு. இந்த முறையில் லாபமே இல்லை, அதனால் வரியும் இல்லை. வாங்குபவர் 50 லட்சம் அல்லது அதற்குமேல் கொடுத்தால் அதில் 1 சதவீதத்தை உங்கள் பெயரில் வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவார், 52,000 ரூபாய். ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். பணவீக்கத்தைச் சேர்த்தால் லாபமே இல்லை என்று சட்டமே சொல்கிறது பாருங்கள். அந்த ஃபிளாட் 12 வருடத்தில் என்ன சம்பாதித்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

விற்ற பணத்தை முழுக்க மியூச்சுவல் ஃபண்டில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களுக்கு வேண்டியது மாதச் செலவுக்கு வருமானம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இப்போது 8.2 சதவீதம், போட்ட நாளின் வட்டியே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். 30 லட்சத்துக்கு வருடத்துக்கு 2,46,000. முழு ஃபிளாட்டும் சேர்ந்து 1,07,000 தரும்போது, அதன் விலையில் பாதிக்குச் சற்று மேலான பணமே அதைப்போல இரண்டு பங்குக்குமேல் தருகிறது. இந்த வட்டிக்கு வருமான வரி உண்டு, விலைவாசியோடு சேர்ந்து இது வளராது. அதனால் மீதியில் ஒரு பகுதியை, ஏழெட்டு வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும், மாப்பிள்ளை சொல்கிற ஃபண்டில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன், லீஸைத் திருப்ப எடுத்த 5 லட்சத்தை எஃப்.டி.யில் திரும்ப நிரப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. 52 லட்சம் என்பது புரோக்கர் வாய்ச்சொல். யாராவது அட்வான்ஸ் கொடுக்கும்வரை அது விலை ஆகாது. அதே தெருவில் இந்த இரண்டு வருடத்தில் விற்ற ஃபிளாட்டுகள் எவ்வளவுக்குப் போயின என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். 45 லட்சம்தான் வருகிறது என்றாலும் விற்கலாம் என்பேன். ஆனால் அவசரப்பட்டு வேண்டாம், குடியிருப்பவர் இருக்கும்போதே விலை பேசுங்கள்.

பழைய வீட்டை பில்டரிடம் கொடுப்பது பற்றி மகனிடம் சொல்லுங்கள், அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வரி ரசீது இன்னும் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. உயில் இல்லையென்றால், மாமியாரும் இப்போது இல்லை என்று எழுதியிருப்பதால், நீங்களும் மகனும் மகளும் சம உரிமையாளர்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள். மகள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பேச்சும் செல்லாது, அவளையும் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் வாடகை வருமானத்தையும் மூன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கட்டிய சொத்து வரியையும், மிச்சத்தில் 30 சதவீதத்தையும் கழித்துக்கொள்ளலாம். ரிப்பேர் பில் எவ்வளவு இருந்தாலும் தனியாகக் கழிக்க முடியாது.

கணக்கை மட்டும் பார்த்தால் பழைய வீட்டையும் விற்கச் சொல்ல வேண்டும். 2.3 சதவீதம் பெரிய வருமானம் இல்லை. ஆனால் 1,100 சதுர அடி மனை முழுசாக உங்கள் குடும்பத்துடையது. வண்ணாரப்பேட்டை மெட்ரோவும் துணிக்கடைத் தெருவும் நடந்துபோகிற தூரம். காலி மாதமே இல்லாத வீடு. ஒரு முறை கொடுத்துவிட்டால் அந்தத் தெருவில் திரும்ப வாங்க முடியாது. இரண்டு வருடம் ஒழுங்காக நடத்திப் பார்த்துவிட்டு, மூவரும் சேர்ந்து முடிவு எடுங்கள். பில்டர் வந்தால் தெரு அகலத்துக்கு எத்தனை தளம் கட்ட அனுமதி கிடைக்கும் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். நம் பக்கத்துச் சந்துகளில் அந்தப் பதில்தான் மனையின் விலையைத் தீர்மானிக்கிறது.

லீஸுக்கு இருப்பவரிடம் இந்த வாரமே போய், மார்ச்சில் பணம் தயாராக இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு வேறு வீடு பார்க்க நேரம் வேண்டும். அவரே 6,500 வாடகைக்குத் தொடர விரும்பினால் இன்னும் நல்லது. எஃப்.டி. முதிரும் தேதி மார்ச்சுக்கு முன்பா பின்பா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள், பழைய லீஸ் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டில் இடது பக்கம் நான்காவது போர்ஷனுக்கென்று ஒரு வரியைச் சேர்த்து, வலது பக்கத்தை ஏப்ரல் மாதத்திலிருந்து நீங்களே எழுதத் தொடங்குங்கள். ஃபிளாட்டை விற்கப் பத்திரம் போடும் முன், அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் அலுவலகத்துக்கு வாருங்கள்.